கரடுப்பள்ளி வாக்குமூலம்

சென்னை,
9 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகுணா எழுதுவது. தொண்டைப் புண் முழுக்க ஆறிவிட்டதா? தொண்டையில் வைத்த குழாயைத் தினமும் இரண்டு வேளை கழுவச் சொன்னதை அண்ணி விடாமல் நினைவூட்டுகிறார்களா? நான் நன்றாக இருக்கிறேன். பனிக்கு முட்டிவலி மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு உங்கள் குரலைப் போனில் கேட்க முடியாது என்பது எனக்கு இன்னும் பழகவில்லை. போனில் டைப் செய்யுங்கள் என்றால், நான் ஒன்று அடித்தால் அது ஒன்று எழுதுகிறது என்று பேனாவை எடுத்துக்கொண்டீர்கள். ஆகவே நானும் பல வருடம் கழித்துத் தபால் தலை வாங்கி வந்திருக்கிறேன்.

பங்காளி குப்புராஜ் போன வாரம் பேசினான். நம் கரடுப்பள்ளியில் நினைவுத்தூண் எழுப்பக் கமிட்டி போட்டுவிட்டார்களாம். ஆடிப் பதினெட்டு அன்று திறப்பு. கல்லில் வெட்ட வேண்டிய வாசகத்தை நான் எழுதித் தர வேண்டும் என்றான். எழுதுவது கஷ்டமில்லை. தாது வருடப் பஞ்சத்தின் இரண்டாம் ஆண்டு, 1877 ஆடியில், ஊர்க் கேழ்வரகை ரயிலேற்றச் சொன்ன வெள்ளைக்காரன் உத்தரவை மீறி, நம் மூதாதை மணியக்காரர் மாது தானியக்குழியைத் திறந்துவிட்டார். சனம் அவர் பின்னால் திரண்டது. போலீஸ் சுட்டதில் பதினொரு பேர் செத்தார்கள். என் ஆராய்ச்சிப் பட்டமும் புத்தகமும் இந்த மூன்று வாக்கியத்தின் விரிவுதானே.

ஆனால் ஒரு தொந்தரவு. நம் ஊர் லைன்மேன் மாதப்பனின் மகள் தேவிப்பிரியா சேலத்தில் வரலாறு ஆராய்கிறாள். அவள் ஒரு சிற்றிதழில் கட்டுரை எழுதியிருக்கிறாள். மாது குழியைத் திறக்கவே இல்லையாம். குள்ளம்மாள் என்ற கூலிக்காரி தலைமையில் சனம் குழியை உடைக்கப் போனதாம், மாதுதான் போலீசுக்கு ஆள் அனுப்பினாராம். ஆதாரம் என்ன தெரியுமா? "தலையாரி கொடுத்த வாக்குமூலத்தின் மூலப் பிரதி, தனியார் வசம் உள்ளது." அதே வாக்குமூலத்தைத்தான் அப்பா தாலுக்கா கச்சேரிப் பதிவறையில் எழுத்தராக இருந்தபோது நோட்டில் நகல் எடுத்து வைத்தார். மூலத்தைக் கரையான் தின்றுவிட்டது என்று அவரே என்னிடம் சொன்னார். கரையான் தின்றது எப்படித் திரும்பி வரும்?

அந்தத் தனியார் யார் என்று ஊரில் விசாரித்து எழுதுங்கள். அண்ணிக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
சுகுணா

*

கரடுப்பள்ளி, நல்லம்பள்ளி வழி,
3 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை சுகுணாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்கு உடம்பைக் காரணம் சொல்ல மாட்டேன், உடம்பு தேறிவிட்டது. கஞ்சியில் இருந்து களிக்கு வந்துவிட்டேன். பஸ்ஸில் கண்டக்டரிடம் நோட்டில் எழுதிக் காட்டி டிக்கெட் வாங்கப் பழகிவிட்டேன். உன் முட்டிக்கு வைத்தியம் பார்த்தாயா? உன் அண்ணி நிர்மலா கேட்கச் சொன்னாள்.

மேட்டுக்காட்டுப் புளியை உலுக்கி முடித்தாயிற்று. மாமரம் இந்த வருடம் பூவாக நிற்கிறது, காயாக நிற்குமா தெரியவில்லை.

தேவிப்பிரியாவின் கட்டுரையை நானும் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாள். காகிதம் யாரிடம் இருக்கிறது என்று நான் விசாரிக்கவில்லை. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் வீடு வீடாகப் போய் இதைக் கேட்டால் ஊர் என்ன நினைக்கும்?

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பட்டத்துக்கு எழுதின காலத்தில், மூலத்தைக் கரையான் தின்றதை அப்பா கண்ணால் பார்த்தாரா, யாராவது சொல்லக் கேட்டாரா என்று எப்போதாவது அவரிடம் கேட்டாயா?

கல்வெட்டு வாசகத்துக்கு அவசரப்படாதே. ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது. வெயில் ஏறுமுன் ஒருமுறை வந்து போ.

அன்புடன்,
நவநீதன்

*

சென்னை,
10 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணா,

நீங்கள் களி சாப்பிடுகிறீர்கள் என்று படித்ததும் பாதிக் கவலை போயிற்று. என் முட்டியை விடுங்கள்.

நீங்கள் கேட்ட கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவிடம் ஏன் கேட்க வேண்டும்? அவர் இருபத்தெட்டு வருடம் அந்தப் பதிவறையில் தூசி தின்றவர். பதிவறைக்கு நானே இரண்டு முறை போனேன், அட்டவணையில் அந்த எண்ணுக்கு நேரே "இல்லை" என்று எழுதியிருந்தது. அதன் பிறகுதான் அவர் நகலை ஆதாரமாக வைத்தேன். என் வழிகாட்டி அதை ஏற்றுக்கொண்டார். வாய்மொழித் தேர்வில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் பெண் காட்டும் இன்னொரு ஆதாரம், 1879-இல் மாதுவுக்குச் சர்க்கார் கொடுத்த பத்து ஏக்கர் மானியம். அது காட்டிக்கொடுத்ததற்குக் கிடைத்த பரிசு என்கிறாள். எதிர்த்தவனை வளைத்துப் போடச் சர்க்கார் செய்த தந்திரம் என்று நான் என் புத்தகத்தில் பதினாறு பக்கம் எழுதியிருக்கிறேன். ஒரே மானியத்தை இரண்டு விதமாகப் படிக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாக்குமூலத்தை இரண்டு விதமாகப் படிக்க முடியாது. ஆகவே அந்தக் காகிதம் போலியாக இருக்க வேண்டும், அல்லது நம் பக்கத்து ஆள் யாரோ எதையோ எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். குப்புராஜுக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது. கமிட்டித் தலைவராக இருக்கச் சொன்னதற்கு நீங்கள் ஏன் மறுத்தீர்கள் என்று என்னிடம் இரண்டு முறை கேட்டான். உடம்பு சரியில்லை என்றேன்.

மாதப்பன் வீடு உங்கள் தெருவில் இருந்து எட்டிப் பார்க்கும் தூரம்தான். ஒரு நடை போய் வாருங்கள். பனி விலகிய நேரமாகப் பார்த்துப் போங்கள், சளி பிடித்தால் உங்களுக்கு ஆபத்து.

சுகுணா

*

கரடுப்பள்ளி,
22 மார்ச் 2025

அன்புள்ள சுகுணா,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். ஆறு வாரம் எழுதாததற்குக் கோபப்பட்டிருப்பாய்.

குப்புராஜ் வந்து போனான். தூணுக்குக் கல் ஓசூர்ப் பக்கம் இருந்து வருகிறதாம். உட்கார்ந்த இடத்தில் இருந்தே வீட்டை ஒரு சுற்று பார்த்தான், அலமாரியைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தான். நான் நோட்டை நீட்டி, என்ன தேடுகிறாய் என்று எழுதிக் கேட்டேன். "சும்மாதானுங்கண்ணா" என்று எழுந்து போய்விட்டான்.

தேவிப்பிரியா அந்தக் கட்டுரையின் முதல் வடிவத்தை இரண்டு வருடத்துக்கு முன்பே ஒரு பெரிய ஆய்விதழுக்கு அனுப்பியிருக்கிறாள். அப்போது அவளிடம் காகிதம் எதுவும் இல்லை. வீட்டில் ஐந்து தலைமுறையாகச் சொல்லி வந்ததை மட்டும் வைத்து எழுதியிருந்தாள். அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெயர் சொல்லாத மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதிய குறிப்பில் இப்படி ஒரு வரி: "பட்டினியில் செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் சொல்லும் கதை கண்ணீரை வரவழைக்கலாம், ஆதாரம் ஆகாது."

அந்த வரி மறுபடி நினைவுக்கு வந்ததில் இருந்து எனக்குக் கொஞ்ச நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. தொண்டையைக் குறை சொல்ல முடியாது.

வெயில் ஆரம்பித்துவிட்டது. மோர் நிறையக் குடி.

நவநீதன்

*

சென்னை,
2 ஏப்ரல் 2025

அண்ணா,

உடம்புக்கு என்ன? சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினால் இங்கே இருப்பவளுக்கு எப்படி இருக்கும்? அண்ணியிடம் பேசினேன், நீங்கள் நன்றாகத்தான் சாப்பிடுகிறீர்கள் என்றார்கள். யாரை நம்புவது?

மதிப்பீட்டாளர்கள் கடுமையாகத்தான் எழுதுவார்கள். அது அந்த வேலையின் இயல்பு. அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

நீங்கள்தான் எனக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆய்விதழின் குறிப்பு கட்டுரை எழுதியவருக்கு மட்டுமே அனுப்பப்படும். அது எங்கேயும் அச்சாகாது. பிப்ரவரியில் "நான் விசாரிக்கவில்லை" என்று எழுதினீர்கள். மார்ச்சில் அந்தக் குறிப்பை வார்த்தை மாறாமல் எடுத்து எழுதுகிறீர்கள். அவள் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள், அல்லது நீங்கள் அவள் வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? கரையானைப் பற்றி ஏன் கேட்டீர்கள்? கல்வெட்டுக்கு அவசரப்படாதே என்று ஏன் எழுதினீர்கள்?

உங்கள் மூன்று கடிதத்தையும், அதாவது ஆபரேஷன் முடிந்ததும் எழுதியதையும் சேர்த்து, மேசையில் வரிசையாக வைத்துப் படித்தேன். ஆவணங்களைப் படிக்கிற மாதிரியே படித்தேன். நேராகக் கேட்கிறேன். அந்தத் தனியார் நீங்களா?

சுகுணா

*

சென்னை,
5 மே 2025

அண்ணா,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. அண்ணியிடம் பேசினேன். "அவரு தெனமும் எழுதறாருங்க, எழுதிட்டுக் கிழிச்சுப் போடறாரு" என்றார்கள். கிழித்ததில் ஒன்றையாவது அனுப்பியிருக்கலாம்.

குப்புராஜ் வாசகத்துக்கு நெருக்குகிறான். இந்த மாதம் முடிவதற்குள் கொடுத்துவிடுவேன். கத்திரி வெயிலில் வெளியே அலையாதீர்கள்.

சுகுணா

*

கரடுப்பள்ளி,
14 மே 2025

அன்புத் தங்கைக்கு,

நலமாக இருக்கிறாயா என்று கேட்கும் தகுதி இந்தக் கடிதத்தில் எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

ஆம், நான்தான்.

2014-இல் அப்பாவின் காரியம் முடிந்து நீ சென்னைக்குப் போன மறுநாள் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில் பழைய வேட்டியில் சுற்றி எட்டுத் தாள் இருந்தது. முத்திரையோடு, தலையாரியின் கைநாட்டோடு இருந்த அந்த மூல வாக்குமூலம்தான். கரையான் தின்னவில்லை. அப்பா எடுத்து வந்துவிட்டார். பக்கத்திலேயே அவருடைய நகல் நோட்டு.

இரண்டையும் தரையில் விரித்து வைத்துப் படித்தேன். நகலில் "மணியக்காரர் மாது குழியைத் திறந்துவிட்டார்" என்று இருக்கிறது. மூலத்தில் "திறந்துவிடார்", அதாவது திறந்துவிட மாட்டார். பழைய கையெழுத்து, மெய்க்குப் புள்ளி வைக்கும் பழக்கம் இல்லை, ஒரு டகரம்தான் வித்தியாசம். யாருக்கும் கண் தவறலாம் என்று நினைத்தேன். நினைக்க ஆசைப்பட்டேன்.

அப்பா எதை நகல் எடுத்தாலும் எடுத்து முடித்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார், உனக்கும் தெரியும். எட்டுத் தாளிலும் வரிக்கு வரி புள்ளி இருக்கிறது. மூன்றாம் தாளில் ஏழு வரிக்கு மட்டும் இல்லை. "சனங்கள் வேண்டிக் கேட்டும் கேளாமல் மொரப்பூர்ப் போலீசுக்கு ஆள் அனுப்பி" என்று தொடங்கும் ஏழு வரி. எட்டாவது வரியை அவர் தொடக்கத்தில் இருந்து எழுதவில்லை. வாக்கியம் ஒட்டிக்கொள்கிற மாதிரி நடுவில் இருந்து எழுதியிருக்கிறார். கண் தவறுகிறவன் அப்படித் தவற மாட்டான். கடைசித் தாளில் செத்த பதினொரு பேரின் பெயர்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் புள்ளி இல்லை. உன் புத்தகத்தில் "இறந்தோர் பெயர்கள் கிடைக்கவில்லை" என்று நீ நல்ல மனதோடுதான் எழுதினாய், அது எனக்குத் தெரியும்.

அந்த மாதம்தான் உன் புத்தகம் இரண்டாம் பதிப்பு வந்தது. போனில் நீ சிரித்த சிரிப்பைக் கேட்டேன். பெட்டியை மூடிவிட்டேன். அப்புறம் ஒவ்வொரு பொங்கலுக்கும் நீ வரும்போது அதன் மேல் போர்வையை மடித்து வைப்பேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று எண்ணிக்கொண்டேன். அப்பாவைக் காப்பாற்றினேனா, என்னையா, இப்போது சொல்லத் தெரியவில்லை.

2023 கார்த்திகையில் தேவிப்பிரியா வந்தாள். எனக்குக் குரல் கரகரத்தாலும் இருந்த காலம் அது. அந்தத் திருப்பி அனுப்பிய குறிப்பைக் காட்டினாள். "சார், உங்கப்பா ரிக்கார்டு ரூம்ல இருந்தவருங்க. மூலத்த அவரு பாத்துருப்பாருங்களே" என்றாள். நான் குறிப்பை மடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். அவள் எழுந்துகொண்டே சொன்னாள்: "எங்க வூட்டுல சொல்றது பொய்யின்னா, பொய்யின்னு தெரிஞ்சுட்டுப் போறனுங்க. எதுன்னே தெரியாம இருக்கறதுதான் முடியல."

அவள் செருப்பைப் போடுவதற்குள் கூப்பிட்டுவிட்டேன். பெட்டியைத் திறந்தேன். மூலத்தைக் கொடுக்கவில்லை, இங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டாள், படம் எடுத்துக்கொண்டாள். என் பெயரைப் போடாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவள் அந்த வார்த்தையைக் காப்பாற்றினாள்.

உன்னை நான் கேட்பது ஒன்றுதான். நம் பெரியப்பா மகன் கல்யாணப் பந்தியில் நீ ஒருமுறை, கண்ணீர் ஆதாரம் ஆகாது என்று சொல்லிச் சிரித்தாய். அந்தக் குறிப்பை எழுதியது நீதானே?

வந்து படித்துப் பார். வாசகம் கொடுக்குமுன் வா.

அண்ணன்,
நவநீதன்

*

சென்னை,
11 ஜூன் 2025

அன்புள்ள அண்ணா,

அன்று சாப்பிடாமல் கிளம்பியதற்கு மன்னித்துவிடுங்கள். அண்ணி பஸ் ஸ்டாப்புக்கே டிபன் டப்பாவோடு ஓடி வந்தார்கள். தொப்பூர்க் கணவாய் தாண்டும்வரை திறக்கவில்லை. அப்புறம் பசி தாங்காமல் சாப்பிட்டேன். வீட்டில் அனைவரும் சுகம் என்று நம்புகிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மே 31 அன்று நான் உங்களை நம்பி வரவில்லை. கைப்பையில் பூதக்கண்ணாடியும் அளவுகோலும் வைத்திருந்தேன். அந்தப் பெண்ணோடு சேர்ந்து நீங்கள் காகிதத்தைத் தயாரித்திருக்கலாம், குறைந்தது ஏழு புள்ளிகளை அழித்திருக்கலாம் என்று நினைத்துத்தான் வந்தேன். நீங்கள் எனக்குக் காப்பி போடப் போன நேரத்தில் மூன்றாம் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ரப்பர் பட்ட இடத்தில் நார் கிளம்பியிருக்கும், கிளம்பவில்லை. தாளின் உள்ளே ஆலைக்காரன் போட்ட நீர்க்குறியில் 1876 என்று இருந்தது. கூடப்பிறந்தவர் காப்பி ஆற்றிக்கொண்டிருக்க, நான் அவர் கையில் திருட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வாசலில் டம்ளரோடு நின்று பார்த்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். டம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனீர்கள்.

குறிப்பை எழுதியது நான்தான். நீங்கள் எழுதிய அந்தப் பெயர் சொல்லாத மதிப்பீட்டாளர் உங்கள் தங்கை. கட்டுரையைப் பார்த்ததுமே எந்த ஊர், யார் வீடு என்று தெரிந்துவிட்டது. வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று ஆசிரியரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பன்னிரண்டு நிமிடத்தில் எழுதி அனுப்பினேன்.

அப்பாவைப் பற்றி இன்னும் யோசிக்க முடியவில்லை. அவர் ஏன் அந்த மூலத்தைக் கிழித்துப் போடவில்லை? ஒரு தீக்குச்சி போதுமே. அதற்கு மட்டும் எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை.

பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன். விற்காமல் இருக்கும் பிரதிகளை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். கல்வெட்டில் என் வாசகமும் பெயரும் வேண்டாம் என்று குப்புராஜுக்கும் எழுதினேன். போனில் பத்து நிமிடம் கத்தினான். மூலத்தை ஆவணக்காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும், அது எப்படி வெளியே வந்தது என்ற விளக்கத்தோடு. அப்பா பெயர் வரும். உங்களுக்குச் சம்மதமா?

சுகுணா

*

சென்னை,
12 ஜூன் 2025

அன்புள்ள தேவிப்பிரியா,

நீங்களும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பிய மதிப்பீட்டாளர் நான். உங்கள் ஊர் என் ஊர் என்பதும், உங்கள் முடிவு என் புத்தகத்துக்கு எதிரானது என்பதும் தெரிந்தே எழுதினேன். நான் எழுதிய அந்த வரிக்காக வெட்கப்படுகிறேன்.

மூலத்தை இப்போது நானும் படித்துவிட்டேன். என் புத்தகத்தின் மையம் தவறு. அதை எழுதி வெளியிடுகிறேன். உங்களுக்கு விருப்பமிருந்தால் வாக்குமூலத்தை முழுதாக, படங்களோடு, நாம் இருவரும் சேர்ந்து பதிப்பிக்கலாம். உங்கள் பெயர் முதலில் இருக்கட்டும்.

பதில் எதுவாக இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

சுகுணா

*

சேலம்,
30 ஜூன் 2025

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி குறையில்லை. தங்கள் நலனையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

தங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை படித்தபோது அழுதேன். இரண்டாம் முறை, இதை ஏன் இப்போது எழுதுகிறார்கள் என்று யோசித்தேன். நான் சொல்வதை நான் சொன்னபோது நம்பாதவர், தன் அண்ணன் பெட்டியில் இருந்து வந்தபோது நம்புகிறார். அதை மறந்துவிட்டு எழுத என்னால் முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அந்த வாக்குமூலத்தை நானே முழுதாக நம்பவில்லை. வாக்குமூலம் கொடுத்த தலையாரியை மாது மூன்று மாதம் முன்பு வேலையில் இருந்து நீக்கியிருக்கிறார், முதல் தாளிலேயே இருக்கிறது. அவனுக்கு மாது மேல் பகை. எழுதிக்கொண்ட குமாஸ்தாவோ துரைக்குப் பிடித்த மாதிரி எழுதியிருப்பான். "சனங்கள் வேண்டிக் கேட்டும்" என்கிறது அந்தக் காகிதம். எங்கள் வீட்டில் சொல்வதில் குள்ளம்மாள் வேண்டவே இல்லை. கடப்பாரையோடு போய் மூடுகல்லை நெம்பினாள். எனக்குச் சாதகமான ஆவணம்கூட அவளைக் கெஞ்ச வைக்கிறது. என் கட்டுரையில் இதை அடிக்குறிப்பில் ஒதுக்கிவிட்டேன். நானும் எனக்கு வேண்டியதை மேலே வைத்தேன்.

அது வெள்ளையனுக்கு எதிரான எழுச்சியா, மணியக்காரருக்கு எதிரான கொள்ளையா என்று கருத்தரங்குகளில் என்னைக் கேட்கிறார்கள். குழி மணியக்காரருடையது, துப்பாக்கி சர்க்காருடையது. குள்ளம்மாள் இரண்டையும் பிரித்துப் பார்த்திருப்பாளா? எனக்குத் தெரியவில்லை.

சேர்ந்து பதிப்பிக்கச் சம்மதிக்கிறேன். இரண்டு நிபந்தனை. தங்கள் வாசிப்பும் என் வாசிப்பும் தனித்தனியாக இருக்க வேண்டும், ஒன்றாகக் கலக்கக் கூடாது. பதினொரு பெயரும் முதல் பக்கத்தில் வர வேண்டும்.

இப்படிக்கு,
மா. தேவிப்பிரியா

*

கரடுப்பள்ளி,
6 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கை சுகுணாவுக்கு,

ஆடிக்காற்று வீட்டுக்குள் மண்ணை வாரிப் போடுகிறது. குழாயில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நிர்மலாவும் நானும் சுகம். முட்டிக்கு நீ இப்போதாவது டாக்டரைப் பார்த்தது சந்தோஷம்.

அப்பா பெயரை எழுத எனக்குச் சம்மதம் என்று போன மாதமே சொல்லிவிட்டேன், மனம் மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தூணைத் திறந்துவிட்டார்கள். நீ வேண்டாம் என்று எழுதியும் உன் பழைய புத்தகத்தின் வாக்கியத்தையே வெட்டி, கீழே உன் பெயரையும் போட்டிருக்கிறார்கள். கல் வெட்டியாகிவிட்டது, இனி என்ன செய்வது என்று குப்புராஜ் கேட்டானாம். நீ வராதது நல்லதாயிற்று.

பேச்சுகள் முடிந்ததும் மாதப்பன் கூட்டத்தில் இருந்து எழுந்து முன்னால் வந்தார். கையில் ஒரு தாள். பதினொரு பெயர் மட்டும் படித்துவிட்டு உட்கார்ந்துவிடுவதாகச் சொன்னார். இரண்டாவது பெயரிலேயே மைக்கை நிறுத்திவிட்டார்கள். அவர் நிறுத்தவில்லை. லைன்மேனாக இருந்து கம்பத்தின் மேல் இருந்தே கீழே ஆள் கூப்பிட்ட தொண்டை அது. "குள்ளம்மாள், வயசு முப்பது" என்று படித்தபோது மாதப்பன் பக்கத்துப் பெண்கள் எழுந்து நின்றார்கள். நம் பக்கத்தில் பாதிப் பேர் எழுந்து வெளியே போனார்கள். மீதிப் பேர் போகவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். நான் எழுந்து நின்றேன். வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு பேர் என்னைப் பார்த்துத் துப்பினார்கள்.

திங்கள் காலை குப்புராஜ் வந்தான். சண்டைக்கு என்றுதான் நினைத்தேன். நிர்மலா கதவைப் பாதிதான் திறந்தாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"அண்ணா, அந்த லிஸ்டு நெசமாவே அதுல இருக்குதுங்களா? நீங்களும் அந்தப் புள்ளையும் எழுதிச் சேத்ததில்லையே?"

எட்டாம் தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு பெயராக, எழுத்துக்கூட்டிப் படித்தான். முடித்ததும் மறுபடி மேலே இருந்து படித்தான். அவன் யாருடைய பெயரைத் தேடுகிறான் என்று எனக்குப் புரிந்தது. சின்ன வயதில் இருந்து அவனுக்கு, அவன் வீட்டுக் கிழவன் ஒருவன் மாதுவுக்குப் பக்கத்தில் நின்று குண்டடிபட்டுச் செத்தான் என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். உன் புத்தகம் வந்த பிறகு அதை மேடையிலேயே சொல்ல ஆரம்பித்திருந்தான்.

"நம்ம வகையறா ஒருத்தரும் இல்லீங்களே" என்றான்.

இல்லை என்று தலையசைத்தேன்.

தாளை என் பக்கம் நகர்த்தி வைத்தான். அப்புறம் கேட்டான்: "அப்ப அன்னிக்கு நம்மாளுங்க எங்கதான் நின்னுட்டு இருந்தாங்க?"

நோட்டில் "தெரியவில்லை" என்று எழுதிக் காட்டினேன். அவன் அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். இன்னும் எதையோ மறைக்கிறேன் என்று நினைக்கிறான். பத்து வருடம் மறைத்தவனை யார் நம்புவார்கள்? உன்னிடம் கேட்டு எழுதச் சொன்னான்.

கேட்கிறேன். உனக்குத் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுது, உன் கையெழுத்தில், கீழே பெயர் போட்டு. அதை அவனிடம் கொடுக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
நவநீதன்